காய்க்காத பலாவும் நிறுத்தி வைத்த ஓலையும்

அன்று மரத்தடியில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கரடியூர் மாமா. கையில் கோடாலி.

அப்பா. வெறுங்கை.

அம்மா. குளிருக்கு முக்காடு போட்டிருந்தாள்.

அக்கா. சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்திருந்தாள்.

நான். ஒன்பது வயது. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

ஐந்து பேர். மரத்தைச் சேர்த்தால் ஆறு. மாமா சேர்த்துத்தான் எண்ணுவார்.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் நம் வயதுக்காரி ஒருத்தி சொன்னாள். உங்க அப்பா மரத்தைக் கும்பிட்டுச் சபையை விட்டு நீக்கப்பட்டவர்தானே என்று. அவளும் அன்று கோயிலில் இருந்தவள். மறந்துவிட்டாள். நம் பழைய சபையாரே, உங்களில் இன்னும் எத்தனை பேர் அப்படி நினைக்கிறீர்களோ தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நடந்ததை மட்டும் எழுதத் தெரியும்.

சேலத்து மலையில், வெள்ளக்கடைக்கு மேலே காப்பி எஸ்டேட் லைனில் கடைசி வீடு எங்களுடையது. பலா மரம் வீட்டுக்குப் பின்னால் நின்றது. நான் பிறந்த வருஷம் அப்பா ஊன்றிய கொட்டை. என்னைவிட வேகமாக வளர்ந்தது. நல்ல நிழல். ஆனால் ஒரு பிஞ்சு இல்லை. அக்கம்பக்கத்து மரங்களில் காய் அடியிலிருந்து தொங்கும். எங்கள் மரம் பச்சையாக, கொழுத்து, சும்மா நிற்கும்.

கரடியூர் மாமா எங்களுக்கு உறவில்லை. மலைக்காரர். கரடியூரில் சாமையும் ராகியும் போடுவார். காப்பிப் பருவத்தில் பல்பர் வீட்டுக்குக் கூலிக்கு வருவார். காப்பிப் பழத்தின் தோலை மிஷினில் உரிக்கும் இடம் அது. அப்பாவுக்கு வேலை அங்கேதான். இரண்டு பேர் மேலும் ஒரே வாசனை அடிக்கும். புளித்த தோல் வாசனை. இன்றும் அந்த வாசனை வந்தால் நான் திரும்பிப் பார்ப்பேன்.

மரத்தை மிரட்டலாம் என்றது மாமாதான். மலையில் எல்லாரும் செய்வதுதான். அதற்கு முறை இருக்கிறது.

"மரத்துக்காரன் கெஞ்சோணும். வெளியாளு வெட்ட வரோணும். ஆரும் சிரிக்கப்படாது. சிரிச்சா மரத்துக்குத் தெரிஞ்சு போயிரும்" என்றார்.

மாமா மரத்தை மூன்று சுற்றுச் சுற்றினார். எங்கே வெட்டுவது என்று பார்க்கிறாராம். உள்ளங்கையில் எச்சில் துப்பிக் கோடாலியைப் பிடித்தார்.

"ஏனுங்க, இது எதுக்குங்க நிக்குது? எலை உதுக்கவா? ஒம்பது வருசமா தண்ணியக் குடிச்சுட்டு ஊருக்கு முன்னால மினுக்கிக்கிட்டு நிக்குது. தள்ளுங்க. அடுப்புக்காச்சும் ஆவட்டும்."

கோடாலியை ஓங்கினார். அப்பா நடுவில் புகுந்தார். அப்பா ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அன்று கை கூப்பினார்.

"வேண்டாமுங்க. இந்த ஒரு வருசம் பொறுங்க. சுத்திக் கொத்தி உடறேன். எருப் போடறேன். அப்பறமும் காய்க்கலீன்னா நானே கோடாலி கொண்டாறேன்."

"போன வருசமும் இதயேதான சொன்னீங்க?"

"இந்த ஒரு வருசமுங்க."

மாமா கோடாலியைத் திருப்பி, அதன் பின்பக்கத்தால் மரத்தில் ஒரு தட்டுத் தட்டினார். "உனக்காக உடல. இந்த மனுசனுக்காக உடறேன். காதுல உழுந்துச்சா?" என்றார் மரத்திடம்.

அக்காவால் முடியவில்லை. மூக்கு வழியாகச் சிரித்துவிட்டாள். அம்மா அவள் தொடையில் கிள்ளினாள். மாமா முறைத்தார். அவ்வளவுதான் காரியம். பிறகு எல்லாரும் காப்பி குடித்தோம்.

மரம் காய்த்ததா என்று கேட்பீர்கள். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். காய்த்தது. அடுத்த வருஷம், அடிமரத்திலேயே. அப்பா கொத்தி எருப் போட்டதால் காய்த்ததா, பயந்து காய்த்ததா என்று எனக்குத் தெரியாது. இது அந்தக் கதை இல்லை.

எங்கள் கோயில் தகரக் கூரைக் கோயில். உங்களுக்கு நினைவிருக்கும். மழை பெய்தால் பிரசங்கம் கேட்காது. சேலத்தில் இருந்து பாதிரியார் வருஷத்துக்கு மூன்று நான்கு முறைதான் வருவார். அவரை ஐயர் என்போம். மற்ற ஞாயிறுகளில் எல்லாம் ஆராதனை நடத்துவது உபதேசியார்தான். அவர் மலைக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. தெற்கத்திக்காரர். வெள்ளை ஜிப்பா. எவ்வளவு சேற்றிலும் வேட்டியில் சொட்டுப் படாமல் நடப்பார்.

ஞாயிறு காலையில் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி நடத்துவார். கதை என்றால் அவருக்கு ஆகாது. மரம் பேசும் கதை, நரி பேசும் கதை எல்லாம் பொய். உவமை மட்டும் சொல்லலாம். அது ஆண்டவர் சொன்னது. எங்களுக்கு வித்தியாசம் பிடிபடவில்லை. நரி பேசினால் கதை, ஆடு தொலைந்தால் உவமை என்று வைத்துக்கொண்டோம்.

அந்த ஞாயிறு பாடம் ஜெபத்தைப் பற்றி.

"சும்மா முணுமுணுத்தா ஜெபம் இல்ல. கை கூப்பிக் கெஞ்சணும். உங்க வீட்டுல யாரு அப்பிடிக் கெஞ்சுதா?" என்று கேட்டார்.

யாரும் கை தூக்கவில்லை. நான் தூக்கினேன். எங்கள் அப்பாவைப் பற்றி நான் பெருமையாகச் சொல்ல அதுவரை எதுவும் வாய்த்ததில்லை.

"எங்கப்பா கெஞ்சினாருங்க சார். கை கூப்பி."

"நல்லது. எப்பம்?"

"முந்தாநேத்துங்க. பலா மரத்துக்கு முன்னால. கரடியூர் மாமா மூணு சுத்துச் சுத்தினாருங்க."

அவர் முகம் மாறியது. எனக்குப் புரியவில்லை. முந்தின வாரம் எனக்கு ஒரு வசன அட்டை கொடுத்திருந்தார். ஓரத்தில் பொன்கோடு, நடுவில் ஆட்டைத் தோளில் போட்ட மேய்ப்பன் படம். அதைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அப்படி ஒரு அட்டை பிறகு எனக்குக் கிடைக்கவே இல்லை.

மத்தியானம் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"மரத்துக்கு முன்னால கை கூப்பினீரா?"

"கூப்பினேனுங்க" என்றார் அப்பா.

"மரத்தைப் பாத்தா?"

"கோடாலியப் பாத்துங்க. அது மரத்துப் பக்கம்தான இருந்துச்சு."

"விளையாடுதீரா?"

"இல்லீங்க."

"அந்த ஆளு மூணு சுத்து சுத்தினது உண்மையா?"

"உண்மைதானுங்க."

அதற்கு மேல் அப்பா விளக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னால் போதும் என்று நினைப்பவர். அதுதான் அவர் செய்த தப்பு. அம்மா உள்ளேயிருந்து வந்து சொல்லப் பார்த்தாள். உபதேசியார் கையை உயர்த்திவிட்டார். "ஐயருக்கு எழுதுதேன். அவர் வந்து தீர்க்குத வரைக்கும் ஓலை கிடையாது" என்றார்.

ஓலை என்றால் கல்யாண அறிவிப்பு. பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் மூன்று ஞாயிறு கோயிலில் வாசிக்க வேண்டும். வாசிக்காமல் எந்தக் கோயிலிலும் தாலி கட்ட முடியாது. அக்காவுக்கு அடிவாரத்தில் மாப்பிள்ளை. லாரிப் பட்டறை வைத்திருந்தார். தவக்காலம் தொடங்க நான்கே ஞாயிறு இருந்தது. தொடங்கினால் நாற்பது நாளைக்குக் கல்யாணம் இல்லை. மாப்பிள்ளையின் அம்மா பொறுக்க மாட்டாள். பெயரைக் கெடுத்துக்கொண்ட வீட்டில் பெண் எடுக்கவும் மாட்டாள்.

அந்த நான்கில் முதல் ஞாயிறு ஓலை விழவில்லை. திங்கட்கிழமை பஸ் கண்டக்டரிடம் அடிவாரத்திலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். வரும் ஞாயிறும் விழாவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று. மீதி மூன்று ஞாயிறு. மூன்று வாசிப்பு. ஒன்றையும் தவறவிட முடியாது.

அக்கா தலையணை உறையில் கிளி பின்னிக்கொண்டிருந்தாள். ஒரு கிளிக்கு வால் பாக்கி. ஊசியை அப்படியே குத்தி, மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டாள். என்னோடு பேசவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை அம்மா அரிவாளை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். இது விளையாட்டு இல்லை. மரம் போய்விட்டால் உபதேசியார் மனம் இரங்குவார் என்று நினைத்தாள். பாவம். வெட்டினால் குற்றத்தை ஒத்துக்கொண்டது போல் ஆகும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. முதல் வெட்டு விழுந்தது. பால் வழிந்தது. அப்பா சத்தம் கேட்டு வந்து மரத்துக்கு முன்னால் நின்றார். கை கூப்பவில்லை.

"தள்ளுங்க. மரம் பெருசா, புள்ள பெருசா?" என்று அம்மா கத்தினாள்.

"ஒரு வருசம்னு சொல்லியிருக்குது."

"ஆருகிட்ட? மரத்துகிட்டயா?"

"ஆருகிட்டயா இருந்தா என்ன?"

அம்மா அரிவாளை வீசிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அப்பா வெட்டின இடத்தில் சாணி அப்பினார். பிறகு மண்வெட்டி எடுத்து மரத்தைச் சுற்றிக் கொத்த ஆரம்பித்தார். அம்மா அழுது முடித்தபோது பாதி வட்டம் கொத்தியிருந்தார்.

நான் பல்பர் வீட்டுக்கு ஓடினேன். மாமா முழங்கால் வரை தோலுக்குள் நின்று தள்ளிக்கொண்டிருந்தார். தலையில் சாக்கு. எல்லாம் சொன்னேன். அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது.

"ஏங்கண்ணு, கும்படற மரம் வேற. அதுக்கு மஞ்சள் பூசுவோம், பொங்க வெப்போம். கும்படற மரத்தப் பாக்க எவனாச்சும் கோடாலியோட போவானா?"

"அத நீங்க வந்து சொல்லுங்க மாமா."

"உங்க கோயலுக்குள்ளயா?"

"ஞாயித்துக்கெழம ஐயர் வராரு."

மாமா காலைத் தோலிலிருந்து உருவினார். "உன்ற அப்பன் எனக்காவ வாய் தொறக்கல பாரு. நானு சுத்தினேனு ஒத்துக்கிட்டான். எதுக்குச் சுத்தினேனு சொல்லல. கூறு கெட்டவன்" என்றார். "வர்றேன் போ."

ஞாயிறு. முதல் பஸ்ஸில் ஐயர் வந்தார். கனத்த உடம்பு. கறுப்புக் குடை. கோயில் நிறைந்துவிட்டது. நற்கருணை வாங்கப் பாதிப் பேர், வேடிக்கைக்குப் பாதிப் பேர். ஆராதனை முடிந்தும் யாரும் எழுந்து போகவில்லை. உபதேசியார் கடிதத்தை வாசித்தார். விக்கிரகம் என்ற வார்த்தை மூன்று இடத்தில் வந்தது.

"உண்மையா?" என்று ஐயர் அப்பாவைக் கேட்டார்.

"கை கூப்பினது உண்மைதானுங்க."

"எதுக்கு?"

அப்பா யோசித்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் குரல். "அவன் சொல்ல மாட்டானுங்க. நான் சொல்றேன்."

கரடியூர் மாமா. செருப்பை வெளியே விட்டு, தலைத்துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். துவைத்த வேட்டி. அப்படி அவரை நான் பார்த்ததே இல்லை. உபதேசியார் எழுந்தார். ஐயர் அவரை உட்காரச் சொன்னார்.

"வாங்க. சொல்லுங்க."

"சொன்னா வெளங்காதுங்க. செஞ்சு காட்டறேன். அந்தக் கொடையக் குடுங்க."

ஐயர் குடையைக் கொடுத்தார். கோயில் நடுவில் சில்வர் ஓக் மரத்தூண் ஒன்று இருந்தது. அதுதான் மரம். குடைதான் கோடாலி. மாமா மூன்று சுற்றுச் சுற்றினார். எங்கே வெட்டுவது என்று நின்று நின்று பார்த்தார். எச்சில் துப்பப் போய், இடம் பார்த்து விழுங்கிக்கொண்டார்.

"ஒம்பது வருசமாச்சு. ஒரு காயி இல்ல. எதுக்கு நிக்குது? வெட்டிப் போடறேன்!"

குடை மேலே போனது. இப்போது கெஞ்ச வேண்டும். அப்பா அசையவில்லை. கோயிலில் வைத்துச் செய்ய அவருக்கு மனம் வரவில்லை. குடை அந்தரத்திலேயே நின்றது.

நான் எழுந்தேன். எழுந்தது எனக்கே பிறகுதான் தெரிந்தது. தூணுக்கு முன்னால் போய்க் கை கூப்பினேன்.

"வேண்டாமுங்க. இந்த ஒரு வருசம் பொறுங்க."

அதற்கு மேல் மறந்துவிட்டது. பின்னாலிருந்து ஒரு குரல் மெதுவாகச் சொன்னது.

"சுத்திக் கொத்தி எருப் போடறேன். அப்பறமும் காய்க்கலீன்னா வெட்டிக்கலாம்."

திரும்பிப் பார்த்தேன். ஐயர்.

"இத உங்களுக்கு ஆருங்க சொல்லிக் குடுத்தது?" என்று மாமாவைக் கேட்டார்.

"ஆரும் சொல்லலீங்க. எங்கப்பன் செஞ்சான். அவுங்கப்பன் செஞ்சான்."

ஐயர் வேதத்தைத் திறந்து ஒரு பக்கத்தை எடுத்து உபதேசியாரிடம் நீட்டினார். "வாசியுங்க."

உபதேசியார் சத்தமாகத் தொடங்கினார். ஒருத்தன் திராட்சைத் தோட்டத்தில் அத்தி மரம் வைத்திருந்தான். மூன்று வருஷம் வந்து பார்த்தான். கனி இல்லை. வெட்டு என்றான். தோட்டக்காரன் இந்த வருஷமும் இருக்கட்டும் என்று கேட்டான். வாசிக்க வாசிக்க அவர் குரல் இறங்கியது. கொத்தி எருப்போடும் இடம் வந்தபோது முன்வரிசைக்கே கேட்கவில்லை.

மாமா குடையை ஊன்றிக்கொண்டு கேட்டார். "அப்பறம் அந்த அத்தி காச்சுதுங்களா?"

"எழுதலீங்க."

"எழுதலீன்னா? ஆருமே கேக்கலியா?"

கோயில் சிரித்தது. ஐயரும் சிரித்தார். "அந்த ஒரு வருசம் இன்னும் ஓடிக்கிட்டிருக்குதுங்க" என்றார்.

உபதேசியார் விடவில்லை. "ஐயா, அது உவமை. ஆண்டவர் வாக்கு. இவங்க செஞ்சது காட்டுப் பழக்கம்."

"இதுக்கும் முந்தி ஒண்ணு இருக்குது. கேளுங்க" என்றார் ஐயர். "ஆண்டவர் பொறக்கறதுக்கு நூத்துக்கணக்கான வருசம் முந்தின கதை. கெழக்குத் தேசத்துல ஒரு ராஜாவோட மந்திரி, எடுத்து வளத்த புள்ள தனக்கே துரோகம் பண்ணினப்ப சொன்னதுன்னு இருக்குது. ஆத்தோரம் ஒரு பேரீச்ச மரம். காச்சதையெல்லாம் ஆத்துல உதுத்துருச்சு. மரத்துக்காரன் வெட்ட வந்தான். மரமே கெஞ்சுச்சு. இந்த வருசம் உடு, வேற பழம் காச்சுத் தாரேன்னுச்சு. அவன் கேட்டான், உன்ற பழத்தையே ஒழுங்காத் தரல, அடுத்த மரத்துப் பழத்தையா தரப்போறேன்னு. யூதருங்க ஊட்டுல எல்லாம் அந்தக் கதை தெரியும். நம்ம ஆண்டவரும் சின்ன வயசுல கேட்டிருப்பாருன்னு படிச்சவங்க சொல்றாங்க."

ஐயர் உபதேசியார் பக்கம் திரும்பினார்.

"அவர் அந்தக் கதையத் தூக்கி எறியல. எடுத்துத் திருத்தினார். கெஞ்சற வேலைய மரத்துகிட்ட இருந்து தோட்டக்காரனுக்கு மாத்தினார். எருவச் சேத்தார். வெட்டறத நிறுத்தி வெச்சார். கதையும் உவமையும் ஒரே கொட்டையில மொளச்சதுங்க, உபதேசியாரே. மரம் பேசற கதை வேதத்துல இல்லையா? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க."

உபதேசியாருக்கு வேதம் மனப்பாடம்.

"உண்டு" என்றார். "மரங்கள் எல்லாம் ராஜாவைத் தேடிப் போச்சு. ஒலிவ மரம் வேண்டாம்னுச்சு, அத்தி வேண்டாம்னுச்சு, திராட்சை வேண்டாம்னுச்சு. முள்ளுச்செடி ஒத்துக்கிட்டுது."

"பேசுச்சா?"

"பேசுச்சு."

அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். அதுதான் அவருக்கு முதல் சபை. தன் காலத்தில் விக்கிரகம் புகுந்துவிட்டது என்று யாரும் சொல்லிவிடுவார்களோ என்று பயம். இது எனக்கு இந்த வயதில்தான் புரிகிறது. அன்று அவரை வெறுத்தேன்.

ஐயர் எழுந்து நின்றார். "காய்க்காத மரத்த இப்படி மெரட்டினவங்க இந்தச் சபையில இன்னும் ஆராச்சும் இருந்தா எந்திரிங்க."

யாரும் எழவில்லை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். பிறகு கோயில் மணி அடிப்பவர் எழுந்தார். "ஆரஞ்சுக்குங்க" என்றார். பின்வரிசையில் காப்பிப் பழம் எடுக்கும் பெண்கள் கும்பலாக எழுந்தார்கள். "கொய்யாவுக்குங்க." "பலாவுக்குங்க, ரெண்டு தடவ." எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் கோட்டைச் சரி செய்துகொண்டு எழுந்தார். எதற்கு என்று சொல்லவில்லை. அம்மா எழுந்தாள். அக்கா எழுந்தாள். அப்பா எழுந்தார். அவர்தான் கடைசி என்று நினைத்தேன். இல்லை. முன்வரிசையில் இடுப்பில் பிள்ளையோடு உபதேசியார் வீட்டம்மா எழுந்தார்.

"நீ எதுக்குட்டி நிக்கே?" என்றார் உபதேசியார்.

"முருங்கைக்கு. விளக்குமாத்தால ரெண்டு போட்டு, வெட்டிருவேன்னேன்."

"எப்பம்?"

"நாம வந்த மாசம். அடுத்த வீட்டு அக்கா சொல்லித் தந்தா. வாராவாரம் கொழம்புல சப்பித் துப்புனீங்களே, அது எந்த மரத்துக் காயின்னு நெனச்சீங்க?"

தகரக் கூரை அதிர்ந்தது. மழைக்குக்கூட அப்படி அதிர்ந்ததில்லை.

சிரிப்பு அடங்க ஐயர் காத்திருந்தார். "உபதேசியாரே, நீக்கறதுன்னா எல்லாரையும் நீக்கோணும். சபைப் பதிவேட்டுல எழுதிருங்க. எத்தன பேருன்னு எண்ணி எழுதுங்க."

உபதேசியார் பதிவேட்டை விரித்தார். விரல் நீட்டி வரிசை வரிசையாக எண்ணினார். முகம் சிவந்திருந்தது. ஆனால் உதட்டில் சிரிப்பு வந்துவிட்டது. நானும் கூடவே எண்ணினேன்.

"உக்காந்து எழுதுங்க" என்றார் ஐயர்.

"இல்லைங்கய்யா. நின்னே எழுதுதேன்" என்றார்.

பிறகு ஐயர் ஓலை வாசித்தார். அக்காவின் பெயர், அப்பாவின் பெயர், அடிவாரத்து மாப்பிள்ளையின் பெயர். எல்லாரும் நின்றபடியே கேட்டார்கள். ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்றார்.

"ஒண்ணுமில்லீங்க. வாசிங்க" என்றார் கரடியூர் மாமா. அவரை யாரும் கேட்கவில்லை.

அக்கா என் கையைப் பிடித்தாள். அத்தனை நாளுக்குப் பிறகு. நசுங்கும்படி பிடித்தாள். அப்பா நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அவ்வளவு உயரம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மூன்று ஞாயிறும் ஓலை விழுந்தது. தவக்காலத்துக்கு முன்னால் கல்யாணம் முடிந்தது. அப்பா சாகும்வரை அந்தச் சபையில்தான் இருந்தார். ஒரு நாளும் நீக்கப்படவில்லை. நிற்கிற சாட்சி வேண்டுமென்றால் பதிவேடு இருக்கிறது. போன வருஷம் கோயிலுக்கு வெள்ளை அடித்தபோது பழைய பதிவேடுகளை வெயிலில் போட்டிருந்தார்கள். நான் போய்ப் பார்த்தேன்.

அன்று மாமாவை விட்டுவிட்டு, என்னையும் சேர்த்து, நின்ற சபையாரை நான் இரண்டு தரம் எண்ணினேன். இரண்டு தரமும் நாற்பத்தாறு. உபதேசியார் தன்னையும் சேர்த்து எழுதியிருந்தார்.

நாற்பத்தேழு.